எலி, சித்தப்பா, கணையம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டலை. ஏரிகள் பற்றிய தொடர் மூணாவது பகுதியோட அந்தரத்துல நிக்குது. அடிக்க வராதீங்க மக்களே, கண்டிப்பா தொடரும். இன்னைக்கு எழுதப்போறதும் வரலாறுதான். கல்வெட்டும் செப்பேடும் இல்லாத வரலாறு, அவ்வளவுதான்.

முதல்லயே டிஸ்கியைப் போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை, கணக்கெழுதிப் பிழைக்கிறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை மாத்திக்க வேண்டாம்.

சித்திரையில் ஊருக்குப் போயிருந்தப்ப மச்சில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அதுல சித்தப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. 1999 ஆவணியில் சித்தப்பாவுக்குக் கண் மஞ்சளாச்சு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. மஞ்சக்காமாலைன்னு ஆச்சி கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தா. மூணு வாரம் உப்பில்லாப் பத்தியம். மஞ்சள் ஏறிக்கிட்டேதான் போச்சு. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி தூக்கம் கிடையாது. டவுன்ல ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சது. கணையத்தோட தலைப்பகுதியில் ஒரு கட்டி, அது பித்தநாளத்தை நெரிச்சுக்கிட்டு இருக்கு, கல்லீரலிலும் புள்ளிகள். பித்தம் இறங்க வழி பண்ணிவிட்டார்கள். ரெண்டு தடவை கீமோ. 2000 தை மாசம் போய்ச் சேர்ந்துட்டார். வயசு 51.

ஏன் வந்துச்சுன்னு அப்பா டாக்டரைக் கேட்டார். குடி உண்டா, பீடி உண்டான்னு அவர் திருப்பிக் கேட்டார். சித்தப்பா வெத்தலைகூடப் போடமாட்டார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அத்தோட அந்தக் கேள்வியை நாங்களும் ஃபைலோட சேர்த்து மச்சில் ஏத்திட்டோம்.

அதைக் கீழே இறக்கினது மதினி (அத்தை மக). 2021ல் அவளுக்கு மார்பகப் புற்றுநோய். அவ அம்மா, அதாவது எங்க அத்தை, 1986ல் அதே நோயில் போனவள். அதனால ஆஸ்பத்திரியில் மரபணு சோதனை பண்ணச் சொன்னார்கள். 'பிஆர்சிஏ-2'ங்கிற மரபணுவில் பிழை இருக்குன்னு வந்தது. கவுன்சிலிங் பண்ணின பொண்ணு ஒரு தாளில் வட்டமும் சதுரமுமா வம்சாவளி வரைஞ்சுட்டே கேட்டிருக்கு: "உங்க குடும்பத்துல யாருக்காவது கணையத்துல கேன்சர் வந்திருக்கா?"

மார்புக்கும் கணையத்துக்கும் என்னங்க சம்பந்தம்? இதைத் தேடிப் போனவன்தான் எலியில் போய் மாட்டினேன்.

1964ல் லண்டனில் ஜெனிஃபர் ஹார்வி என்கிற ஆராய்ச்சியாளர், எலிகளில் ரத்தப்புற்று உண்டாக்கும் ஒரு வைரஸை வைத்து வேலை பார்த்தார். அதை எலி உடம்பில் செலுத்தி எடுத்தபோது சதைக்கட்டி உண்டாக்கும் புது வைரஸ் ஒன்று கிடைத்தது. 1967ல் சிகாகோவில் வெர்னர் கிர்ஸ்டனுக்கும் இதே மாதிரி இன்னொன்று. அந்த வைரஸ்கள் எலியின் மரபணு ஒன்றைத் திருடித் தன்னோட சேர்த்துக்கொண்டு சுற்றுகின்றன என்பது பின்னால்தான் புரிந்தது. எலி, சதைப்புற்று ரெண்டுக்குமான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி 'ராஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஹார்வி கண்டது ஹெச்-ராஸ், கிர்ஸ்டன் கண்டது கே-ராஸ். மனுஷ உடம்பில் இருக்கும் மரபணுவுக்கும் எலிப்பெயர்தான்!

1982 முக்கியமான வருஷம். மனிதனின் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து வளர்த்த செல்களில், புற்றை உண்டாக்கும் மரபணு எதுவென்று வெய்ன்பெர்க், பார்பசிட், விக்லர் ஆகிய மூவரின் குழுக்களும் போட்டி போட்டுக்கொண்டு தேடின. அகப்பட்டது ஹெச்-ராஸ். அப்ப நல்ல செல்லில் இருக்கும் ஹெச்-ராஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு எழுத்து. புரதத்தின் 12வது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்திருக்கு. ஜி என்கிற எழுத்து டி ஆனதால் வந்த வினை. பார்பசிட் குழுவின் கட்டுரையில் முதல் பெயர் பிரேம்குமார் ரெட்டி, நம்ம ஹைதராபாத் உஸ்மானியாவில் முனைவர் பட்டம் வாங்கியவர். மனிதப் புற்றுநோய்க்குக் காரணமான பிழையை எழுத்து சுத்தமாக் காட்டினது அதுதான் முதல் தடவை.

12வது இடத்தில் அப்படி என்ன இருக்கு? மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரை நினைச்சுக்கோங்க. டேங்க் நிரம்பினதும் மிதவை மேலே வந்து மோட்டார் தானா நிக்கும். ராஸ் புரதம் அந்த சுவிட்ச். ஜி.டி.பி என்கிற மூலக்கூறைப் பிடிச்சா ஆன், அதை வெட்டிப் போட்டதும் ஆஃப். ஆன் ஆனா செல்லுக்கு 'வளரு, பெருகு'ன்னு உத்தரவு போகும். வெட்டுற வேலைக்கு இன்னொரு புரதம் விரலை உள்ளே நீட்டி உதவணும். கிளைசின்தான் அமினோ அமிலங்களிலேயே பொடிசு. அங்கே அதைவிடப் பெரிசா எது வந்தாலும் விரல் நுழைய இடமில்லை. மிதவை மாட்டிக்கிச்சு, மோட்டார் ஓடிட்டே இருக்கு, டேங்க் வழிஞ்சு வீடெல்லாம் தண்ணி.

இப்ப கணையத்துக்கு வருவோம். 1988ல் பெருச்சோ குழுவினர் 22 கணையப் புற்றுக் கட்டிகளை எடுத்து கே-ராஸைச் சோதித்தார்கள். 21ல் அதே 12வது இடத்தில் பிழை. 22ல் 21! ஒரே மரபணு இப்படி ஒட்டுமொத்தமாக் கெட்டுக் கிடந்தது. பி.சி.ஆர் அப்போதான் வந்த புதுசு. மெழுகில் புதைச்சு வெச்சிருந்த பழைய பிரேதப் பரிசோதனைத் துணுக்குகளிலிருந்துகூட டி.என்.ஏ எடுக்க முடிஞ்சதால்தான் இது சாத்தியமாச்சு. பின்னால் ஆயிரக்கணக்கில் பார்த்தும் விகிதம் பெரிசா மாறலை, பத்துக்கு ஒன்பது. கணையத்தில் அதிகம் வருவது கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வரும் 'ஜி12டி'. அடுத்து வேலின், அப்புறம் ஆர்ஜினின்.

குற்றவாளி யாருன்னு தெரிஞ்சாச்சு, பிடிச்சு உள்ளே போடவேண்டியதுதானேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. இங்கேதான் கதை முப்பது வருஷம் சேத்துல மாட்டிக்குது.

சுவிட்ச் வேலை செய்யணும்னா ராஸ் போய் செல்லின் சவ்வில் ஒட்டணும். ஒட்டுறதுக்கு ஃபார்னசில் என்கிற எண்ணெய்ப்பசை வால் வேணும். வாலைத் தைக்கிற நொதியை முடக்கினா ராஸ் அனாதையாத் திரியும், இல்லையா? அருமையான யோசனை. மருந்து கண்டுபிடிச்சாங்க, எலிகளில் கட்டிகள் உருகிச்சு. டிபிஃபார்னிப்னு ஒரு மருந்தை, வழக்கமான ஜெம்சிடபினோட சேர்த்துக் கணையப் புற்று நோயாளிகள் 688 பேரிடம் பரிசோதிச்சு 2004ல் முடிவு சொன்னாங்க. மருந்து சேர்த்தவர்கள் பாதிப்பேர் உயிரோட இருந்தது 193 நாள், சேர்க்காதவர்கள் 182 நாள். பதினோரு நாள். புள்ளிவிவரக் கணக்குப்படி வித்தியாசமே இல்லை.

ஏன் தோத்தது? முதல்கட்ட சோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்டது ஹெச்-ராஸ். அதுக்கு அந்த ஒரு வால்தான் தெரியும். கணையத்தில் கெட்டது கே-ராஸ். அதுக்கு ஃபார்னசில் கிடைக்கலைன்னா ஜெரானில்ஜெரானில்னு வேறொரு வாலை மாட்டிக்கிட்டுப் போயிட்டே இருக்கும். அண்ணன் வீட்டு சாவியை வெச்சு தம்பி வீட்டைத் திறக்கப் பார்த்த கதை. (இதே குடும்பத்து லோனஃபார்னிப், பச்சைக் குழந்தையிலேயே கிழத்தனம் தட்டும் புரோஜீரியா நோய்க்கு 2020ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிச்சு. எங்கேயோ போட்ட விதை எங்கேயோ முளைக்குது.)

நேரா ராஸையே அடைக்கலாமேன்னா, அதுவும் நடக்கலை. ராஸ் ஜி.டி.பியைப் பிடிக்கிற பிடி உடும்புப்பிடி, செல்லுக்குள்ள ஜி.டி.பியும் கொட்டிக் கிடக்கு, போட்டி போட்டு உள்ளே நுழைய எந்த மருந்தாலும் முடியலை. மத்தபடி புரதத்தின் மேல்பரப்பு கூழாங்கல் மாதிரி வழவழ. மருந்துக்கு அடங்காதவன்னே பட்டம் கட்டிட்டாங்க.

சித்தப்பா காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன இருந்ததுன்னு பார்த்தேன். 1997ல் வந்த ஆய்வு, ஜெம்சிடபினையும் பழைய ஃபைவ்-எஃப்யூவையும் 126 பேரிடம் ஒப்பிட்டது. ஒண்ணுல 5.65 மாசம், இன்னொண்ணுல 4.41 மாசம். இந்த ஒண்ணேகால் மாசத்துக்காகத்தான் ஜெம்சிடபின் அடுத்த பல வருஷத்துக்கு ராஜாவா இருந்தது. 2011ல் நாலு மருந்துக் கலவை ஃபோல்ஃபிரினாக்ஸ் வந்து ஜெம்சிடபினின் 6.8 மாசத்தை 11.1 ஆக்கிச்சு. ஆளைப் புரட்டிப் போடுற கலவை, திடகாத்திரமா இருக்கவங்களுக்குத்தான் தாங்கும். அதுல ஆக்சாலிபிளாட்டின்னு ஒரு பிளாட்டின மருந்து இருக்கு. அதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

கே-ராஸ் தனியா வேலை செய்யறதில்லை. கூட மூணு பேர் உண்டு: சிடிகேஎன்2ஏ, பி53, ஸ்மாட்4. முதல் ரெண்டும் காவல்காரர்கள், பெரும்பாலான கட்டிகளில் கொல்லப்பட்டிருக்கும். ஸ்மாட்4, 1996ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்காட் கெர்ன் குழு கண்டது, ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் காணாமல் போயிருக்கும். இறந்தவர்கள் உடலை ஆராய்ந்து 2009ல் ஒரு கட்டுரை வந்தது. ஸ்மாட்4 இல்லாத கட்டிகள்தான் ஈரல், நுரையீரல்னு ஊரெல்லாம் பரவுது, இருக்கிறவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வளர்ந்து கொல்லுதுன்னு அதுல காட்டினாங்க. ஒரே பேர் கொண்ட நோய்தான், சாவுற விதம் வேற.

அதே மருத்துவமனையில் அதே ஆராய்ச்சியாளர்கள் சிலர் செஞ்ச இன்னொரு வேலை 2010ல் வந்தது. இறந்த ஏழு பேரின் மூலக்கட்டியையும், பரவின கட்டிகளையும் எழுத்தெழுத்தா ஒப்பிட்டு, பிழைகள் சேரும் வேகத்தை வெச்சு வயசு கணிச்சாங்க. ஓலைச்சுவடிப் பிரதிகளில் எழுத்துப்பிழைகளை வெச்சு எது மூலம், எது நகல்னு கண்டுபிடிப்பாங்களே, அதே வித்தை. முதல் பிழையிலிருந்து புற்றுச் செல் பிறக்கக் குறைஞ்சது பத்து வருஷம். அது பரவும் திறமை பெற இன்னும் அஞ்சு வருஷமாவது. அப்புறம் சராசரியா ரெண்டு வருஷத்தில் மரணம்.

நான் பேப்பர் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். 2000லிருந்து 17 போனா 1983. குறைஞ்சபட்சக் கணக்கே இது. 1983ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கின ராத்திரி, சித்தப்பா டிரான்சிஸ்டரை வாசல் திண்ணையில் வெச்சுத் தெருவுக்கே கேட்கவிட்டார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பவே உள்ளுக்குள்ள ஒரு செல்லில் ஒரு எழுத்து மாறியிருந்திருக்கலாம். கீழாநெல்லி குடுத்து மூணு வாரத்தை வீணாக்கிட்டேன்னு ஆச்சி சாகுற வரைக்கும் புலம்பினா. இந்தக் கணக்கை அவகிட்ட சொல்ல முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, மதினியோட பிஆர்சிஏ-2. இங்கே ஒரு ஆச்சரியம். 1995ல் இந்த மரபணுவை உலகமே மார்பகப் புற்றுக் குடும்பங்களில் தேடிட்டு இருந்தப்ப, 13வது குரோமோசோமில் சரியா அந்த இடத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்குன்னு காட்டிக்குடுத்தது ஒரு கணையப் புற்றுக் கட்டி! கணையத்துக்கும் மார்புக்கும் உள்ள உறவு மரபணு கிடைச்ச அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. ஆனா அது எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

பிஆர்சிஏ-2 சுவிட்ச் கிடையாது, அது ரிப்பேர்க்காரன். டி.என்.ஏவின் ரெண்டு இழையும் அறுந்துபோனா பிசகில்லாமத் தைக்கிறது அதோட வேலை. பிறக்கும்போதே ஒரு பிரதி கெட்டிருந்தா, இருக்கிற இன்னொண்ணும் ஒரு செல்லில் போயிட்டா அங்கே தைக்க ஆளில்லை. பிழை பெருகும். ஆனா அந்தப் பலவீனமே பிடிமானமும் ஆகுது. சிஸ்பிளாட்டின் மாதிரி பிளாட்டின மருந்துகள் டி.என்.ஏ இழைகளை ஒண்ணோடொண்ணு பின்னிவிட்டுடும். ரிப்பேர்க்காரன் இருக்கிற செல் சமாளிக்கும், இல்லாத செல் சாகும். 2005ல் இன்னொரு வழியும் தெரிஞ்சது. பார்ப் என்கிற சின்ன ரிப்பேர் நொதியையும் முடக்கினா, பிஆர்சிஏ கெட்ட செல் ரெண்டு காலும் போய் விழுந்துடும்.

இதைக் கணையத்தில் காட்டினது 2019ல் வந்த போலோ ஆய்வு. பிளாட்டினக் கீமோவில் நோய் அடங்கின, பிஆர்சிஏ பிழை உள்ளவர்களுக்கு ஓலாபரிப் மாத்திரை. 3,315 பேரைச் சல்லடை போட்டதில் 247 பேருக்குப் பிழை இருந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்க 7.4 மாசம், எடுக்காதவர்களுக்கு 3.8. மொத்த ஆயுளில் மட்டும் தெளிவான வித்தியாசம் வரலை, அதையும் சொல்லிடணும்.

இந்த இடத்துலதான் என் மனசு ஆறலை. சிஸ்பிளாட்டின் 1978லயே அனுமதி வாங்கின மருந்து. 1999ல் நம்ம ஊர் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாப் புழங்கினது. ஃபைலைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். சித்தப்பாவுக்குக் குடுத்தது ஃபைவ்-எஃப்யூ. யார்மேலயும் தப்பில்லை, அன்னைக்கு இருந்த அறிவு அவ்வளவு. அவருக்கு அந்தப் பிழை இருந்ததான்னும் இனி நிச்சயமாச் சொல்ல வழியில்லை. ஆனாலும் பக்கத்து அலமாரியில இருந்திருக்கு.

புற்று சும்மா இருக்குமா? அதுவும் வரலாறு எழுதும். காப்பான்-1னு ஒரு கணையப் புற்று செல்வரிசை உண்டு. அதுல பிஆர்சிஏ-2வில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கும். டி.என்.ஏவை மூணு மூணு எழுத்தாத்தான் படிக்கணும். 'எனது மகன் படம் அருமை'ன்னு வெச்சுக்குவோம். ன போயிட்டா 'எதும கன்ப டம்அ ருமை'. உளறல். 2008ல் இந்த செல்களுக்குப் பார்ப் மருந்தைத் தொடர்ந்து குடுத்துப் பார்த்தாங்க. தப்பிப் பிழைச்ச செல்களில் எழுத்துகள் இன்னும் சேர்ந்து அழிஞ்சு, மூணின் கணக்கு மறுபடி நேராகியிருந்தது. எ, து ரெண்டும்கூடப் போனா 'மகன் படம் அருமை'. குறைப்பிரதிதான், ஆனா படிக்க முடியுது! ரிப்பேர்க்காரன் திரும்பி வந்துட்டான், மருந்து பலிக்கலை. பிழையால் வந்த பலன் இன்னொரு பிழையால் போச்சு. நோயாளிகளிடமும் இதே நடக்குதுன்னு பின்னால் பார்த்தாங்க.

கே-ராஸ் கதையும் நகர ஆரம்பிச்சிருக்கு. 2013ல் கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகாட் குழு, 12வது இடத்தில் சிஸ்டீன் வந்த 'ஜி12சி' ராஸில், யாரும் பார்க்காத ஒரு மடிப்பைக் கண்டுபிடிச்சது. அதிலிருந்து வளர்ந்த சோடோராசிப் 2021ல் நுரையீரல் புற்றுக்கு அனுமதி வாங்கிச்சு. கணையத்தில் ஜி12சி நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். 2023ல் வந்த ஆய்வில் அப்படிப்பட்ட 38 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. அதைவிட எனக்குப் பிடிச்சது டாராக்சன்ராசிப். அது முதல்ல செல்லுக்குள்ள இருக்கிற சைக்ளோஃபிலின்கிற வேற புரதத்தோட ஒட்டிக்கும், அப்புறம் ரெண்டும் ஜோடியாப் போய் ஆன் நிலையில் இருக்கிற ராஸை அமுக்கும். வழவழ கூழாங்கல்லைப் பிடிக்கக் கை போதாதுன்னு துணியைச் சுத்திப் பிடிக்கிற மாதிரி. ஜி12டியா ஜி12வியான்னு பேதம் பார்க்காது. கணையப் புற்றுக்கான அதோட மூணாம் கட்டப் பரிசோதனை 2024ல் ஆரம்பிச்சது.

கே-ராஸே கெடாத மிச்சப் பத்தில் ஒண்ணு இருக்காங்களே, அவங்களிடம் வேற அபூர்வப் பிழைகள் கிடைக்குது. என்ஆர்ஜி1 இணைப்புன்னு ஒண்ணுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்து அனுமதி ஆச்சு. இதெல்லாம் யாருக்குப் பொருந்தும்னு தெரியணும்னா முதல்ல சோதிக்கணும்.

அங்கதான் எங்க வீட்டுச் சண்டை. மதினிக்கு இருக்கிற பிழை அத்தை வழியா வந்திருந்தா, அத்தையோட உடன்பிறந்த அப்பாவுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்தா எனக்கும் தங்கச்சிக்கும் அதே பாதிக்குப் பாதி. அப்பாவுக்கு இல்லைன்னா எங்க ரெண்டு பேர் பக்கமும் அத்தோட தீர்ந்தது. எந்த எழுத்துன்னு தெரிஞ்சதால அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தாப் போதும், செலவும் பெரிசா இல்லை. ஆனா தங்கச்சி மகளுக்கு வரன் பார்த்துட்டு இருக்காங்க. "இப்ப எதுக்குடா இதைக் கிளப்புற, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்"னு தங்கச்சி அழுதா. சித்தப்பா மகன் போனையே வெச்சுட்டான். அவன்தான் முதல்ல பார்க்கவேண்டியவன். அவங்க சொல்றதுல நியாயம் இல்லைன்னு என்னால சொல்ல முடியலை. எனக்குப் பொண்ணு இல்லை, பேசறது சுலபம்.

அப்பாவுக்கு 78 வயசு. ஒரு வாரம் எதுவும் பேசலை. அப்புறம் ஒருநாள் சித்தப்பா ஃபைலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சார். மறுநாள் காலையில சட்டையைப் போட்டுட்டு "எங்கே போகணும்"னார். ரத்தம் எடுத்த பொண்ணுகிட்ட எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டார். மூணு வாரம்னு சொல்லிச்சு.

குடுத்துப் பன்னெண்டு நாள் ஆச்சு. வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் ஏரித் தொடரை எழுதலாம்னு உட்கார்ந்தேன், இதுதான் வந்தது.